கதிர்காமத்துக்கு இரு துவிச்சக்கரவண்டிகள்

வருகின்ற மாசி மாதத்திலே, பருத்தித்துறையிலிருந்து கதிர்காமம் வரை துவிச்சக்கரவண்டியிற் செல்வதற்குக் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் ஆயத்தஞ் செய்து வருகின்றோம். இச்செய்தி அயலிற் பரவியதும் எங்கள் வீட்டு முற்றம் ஒரு சிறு நீதிமன்றமாயிற்று. இளவயதினர் மெச்சினர், எங்களோடொத்த வயதினர் எங்கள் முழங்கால்களைப் பார்த்தனர். அடுத்த வளவுப் பெரியம்மாவோ, “பிள்ளையள், கதிர்காமத்துக்கு பஸ் ஓடுதெல்லே? நடந்து போனாலாவது நேர்த்தி எண்டு சொல்லலாம். இதென்ன இடைநடுவில ஒண்டு?” என்று வினவினார்.

அவரது கேள்வி நியாயமானதே. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கால்நடையாகச் செல்லும் அடியார்கள் ஆண்டுதோறும் உளர். அவர்களுடைய தவத்துக்கு நாங்கள் உரிமை பாராட்டவில்லை. பேருந்தில் ஓர் இரவிலே உறங்கிச் சென்று இறங்குவதும் எங்கள் விருப்பமன்று. சொந்தக் கால்களின் வலியைக் கொண்டே, நடப்பவரிலும் மும்மடங்கு விரைவாகச் செல்லும் வகையொன்று இருக்கின்றது. எங்கள் குடாநாட்டவருக்கு அது கைவந்ததுமாகும்.

1990ஆம் ஆண்டின் பின்னர், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருமையாகிய காலத்தில், யாழ்ப்பாணத்தின் பாரத்தையெல்லாம் சுமந்தது துவிச்சக்கரவண்டியே. விறகும் நெல்லும் நோயாளரும் கரியரிலே சென்றனர். மின்சாரமற்ற வீடுகளில், வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னோட்டத்தில் வானொலிச் செய்தி கேட்டதை எங்கள் தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, எங்கள் வீட்டுக் கொட்டிலில் தூசு படிந்து கிடந்த இரு வண்டிகளும் மறுபடியும் வெளியே வந்தன. வரிசைகள் முடிந்த பின்னரும் அவற்றை உள்ளே தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. தேவைக்காக மிதித்த கால்கள் ஒரு முறையேனும் விருப்பத்துக்காக மிதிக்கட்டுமே என்ற எண்ணம் அவ்வாறே முளைத்தது.

எங்கள் இருவருக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. எங்களுள் ஒருவர் பத்தாண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர். அவர் யாரென்று இங்கே கூறப்போவதில்லை. வீதிக்கு இறங்கியபின் அந்நோய் இருவருக்கும் பொதுவானதே.

இவ்வயதில் இத்தகைய துணிவு எங்களுக்கு மட்டும் உரியதன்று. ஃபனி புல்லொக் வேர்க்மன், வில்லியம் ஹன்ரர் வேர்க்மன் என்னும் அமெரிக்கத் தம்பதியர், 1897ஆம் ஆண்டளவில் கீழைநாடுகளுக்கு வந்து இலங்கையிலும் இந்தியாவிலும் துவிச்சக்கரவண்டியிற் சுற்றினர். அப்போது மனைவிக்கு வயது 38, கணவருக்கு 50. இந்தியாவில் மாத்திரம் அவர்கள் சென்ற தூரம் ஏறத்தாழ 14,000 மைல் என்பர். சில நாட்களில் நாற்பது தடவை வரை ரியூப்பை ஒட்டவேண்டியிருந்ததாம்! எங்கள் வண்டியிற் காற்றுப் போகும்போதெல்லாம் அந்த நாற்பதை நினைத்து ஆறுதலடைகின்றோம்.

வழியை வரைவதே முதல் ஆயத்தமாயிற்று. நிலப்படத்தை மேசையில் விரித்து, கொடிகாமத்தில் ஏ9 வீதியை அடைந்து, ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா. அங்கிருந்து கிழக்கே ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை. பின்னர் கரையோரமாக மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, பொத்துவில். அதன்பின் உள்நாடாக மொனராகலை என்று பென்சிலாற் கோடிட்டோம். இக்கோட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஏ9 வீதி 1990 தொடக்கம் மூடப்பட்டு, 2002இல் திறந்து, 2006இல் மறுபடியும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே முன்னாளில் மிதவைப் பாதைகளிற் கடந்த துறைகள் பல. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் அவற்றுள் ஒன்றை மறக்கச் செய்தது. இளமையிலே எங்களுக்கு நிலப்படத்தில் மட்டும் தெரிந்திருந்த ஊர்களை, ஒவ்வொரு மதகையும் எண்ணிக்கொண்டு கடக்கப்போகின்றோம்.

மொத்தத் தூரம் ஏறத்தாழ 650 கிலோமீற்றர். நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீற்றர் என வகுத்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பொத்துவிலிலும் ஒவ்வொரு நாள் ஓய்வு வைத்தோம். ஆகப் பதினாறு நாட்கள். இளைஞர் இதனைப் பாதி நாளிற் கடப்பர், கடக்கட்டும்.

எப்போது புறப்படுவது என்பதைக் காற்றே தீர்மானித்தது. வைகாசி முதல் புரட்டாதி வரை யாழ்ப்பாணத்திற் சோளகம் வீசும். கிழக்கிலோ அதே பருவக்காற்று மலையைத் தாண்டி ஈரமிழந்து, கச்சானாகி அனலை வாரியிறைக்கும். தெற்கு நோக்கிச் செல்பவருக்கு அது எதிர்க்காற்று. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும். கிழக்கில் வயல்களும் தாழ்ந்த வீதிகளும் வெள்ளத்தில் மூழ்கும் காலமது. தை கழிந்து மாசி பிறந்தால் மழை ஓய்ந்திருக்கும். எஞ்சிய வாடை முதுகிலே மெல்லத் தட்டிக்கொடுக்கும். வெயிலும் இன்னும் கொடுமை கொள்ளாது. கிழக்கிலே பெரும்போக அறுவடை நடக்கும் நாட்களும் அவையே. அப்பொழுது கமக்காரர் நெல்லை வீதியோரத்திற் பரப்பிக் காயவிடுவர். அதன்மீது சில்லை ஏற்றாமல் விலகுவதும், விலகும்போது பின்னால் வரும் வாகனத்தைக் கவனிப்பதும் எங்கள் பொறுப்பு.

அடுத்தது யானை. வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையிலும், பொத்துவிலுக்கு மேற்கிலும் யானைகள் வீதியைக் கடக்கும் பகுதிகள் பல. மாலையிலும் இரவிலும் அவற்றின் நடமாட்டம் மிகும். ஆதலால் நன்கு விடிந்தபின் புறப்படுதல், பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்தல் என்ற விதியை எழுதிக்கொண்டோம். புத்தலையிலிருந்து கதிர்காமத்துக்கு நேரே செல்லும் வீதி காட்டினூடே போவது. அங்கே வாகனங்களை மறித்து உணவு எதிர்பார்த்து நிற்கும் யானைகள் உண்டென்பது அவ்வழிச் செல்வோர் அறிந்ததே. மோட்டார் வாகனத்தில் இருப்பவர் கண்ணாடியை மூடலாம். சைக்கிளில் இருப்பவர் எதனை மூடுவது? எங்களுள் ஒருவர் நேர்வழியே வேண்டுமென்று இரண்டு நாள் வாதாடினார். முடிவில், வெல்லவாய, தனமல்வில, திஸ்ஸமகாராமை என்று சுற்றிச் செல்வதற்கு இருவரும் உடன்பட்டோம். ஒரு நாட் பயணம் மிகும். அந்த ஒரு நாளை முருகனுக்குக் காணிக்கையாக வைப்போம் என்று வாதாடியவரே கூறி வழக்கை முடித்தார்.

இவ்வழியிற் சிங்கள மக்கள் வாழும் ஊர்களும் இருப்பதால், மொழியும் ஆயத்தத்தில் அடங்கிற்று. தண்ணீருக்கு ‘வத்துர’, வீதிக்குப் ‘பார’ என்று தொடங்கி, மிக முக்கியமான வினாவாகிய ‘அலி இன்னவாத?’ (யானைகள் நிற்கின்றனவா?) என்பது வரை ஒரு தாளில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கின்றோம். சோறு கொதிக்கும் நேரத்தில் ஒருவர் கேட்க மற்றவர் விடையிறுப்பார்.

இனி வண்டிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய வண்டிகளுள் ஒன்றின் சில்லு 28 அங்குலம், மற்றையது 26. வீட்டிலிருந்து சந்தைக்குச் செல்வதற்கு இவ்வேற்றுமை ஒரு பொருட்டன்று. நெடுவழியிலோ, ஒருவரின் ரியூப் மற்றவருக்கு உதவாது, கம்பியும் உதவாது, இரு வகை உதிரிகளையும் சுமக்க வேண்டும். ஆதலின் அவற்றைக் கொடுத்து, 26 அங்குலச் சில்லும் கியரும் உடைய, ஒன்றுபோன்ற இரு வண்டிகளை வாங்கினோம். புதியனவல்ல, ஆயினும் உறுதியானவை. 26 அங்குல ரயர் சிற்றூர்க் கடைகளிலும் கிடைப்பது ஒரு பேருதவி. இருக்கையின் உயரத்தை அவரவர் காலுக்கேற்ப அமைத்தோம். பெடல் அடியிலே நிற்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். அதிகம் மடிந்தால் முழங்காலின் முன்புறம் நோகும், முற்றாக நீண்டால் இடுப்பு ஆடும். இருக்கையை அரை அங்குலம் உயர்த்தியதால் எங்களுள் ஒருவரின் நெடுநாள் முழங்கால் நோவு தணிந்தது என்றால் வாசகர் வியப்படைவர்.

ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் எங்களுக்கு ஆசிரியரானார். ரயரைக் கழற்றி, ரியூப்பிற் காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தை அடையாளமிட்டு, அவ்விடத்தைக் காயவைத்து உரஞ்சி, சொலூசன் பூசி, அது சற்று உலர்ந்தபின் ஒட்டுத்துண்டை அழுத்துதல் என்பது அவரது முதற் பாடம். ரயரின் உட்புறத்தை விரலாற் தடவிப் பார்த்து, தைத்த முள்ளை எடுத்த பின்னரே ரியூப்பை மீண்டும் வைக்கவேண்டும். முள்ளை விட்டுவைத்தால் ஒட்டியது வீணாகும். பிறேக் கட்டைகளை மாற்றவும், கழன்ற செயினை ஏற்றவும் இருவருமே பழகினோம். “ஒருவர் பழகினாற் போதாதா?” என்று கேட்டவர்களுக்குக் கடைக்காரரே மறுமொழி கூறினார்: “பழகின ஆள் விழுந்து கையை முறிச்சால், மற்ற ஆள் என்ன செய்யிறது?”

பின்னர் உடற்பயிற்சி. வைகாசியில் வல்வெட்டித்துறை வரை சென்று மீள்வதோடு தொடங்கினோம். ஆனியில் யாழ்ப்பாண நகர் வரை போக 33 கிலோமீற்றரும் வர 33 கிலோமீற்றருமாயிற்று. ஒரு நாள் அறுபது கிலோமீற்றர் செல்வது அவ்வளவு அரிதன்று என்பதை விரைவிற் கண்டோம். மறுநாட் காலையில் அதே இருக்கையில் மீண்டும் அமர்வதே பரீட்சை. ஆகவே அடுத்தடுத்த இரு நாட்கள், பின் மூன்று நாட்கள் எனப் பழகினோம். மலையேறிப் பழகக் குடாநாட்டில் மலையில்லை. மொனராகலைப் பக்கத்து ஏற்றங்களுக்கு எங்கே பழகுவது? காற்றையே மலையாகக் கொண்டோம். ஆடி மாதச் சோளகம் வீசும் வேளையில், பண்ணைப் பாலத்தைக் கடந்து, தீவுகளை இணைக்கும் கடல்வழி வீதிகளினூடாகக் குறிகட்டுவான் வரை சென்றோம். இருபுறமும் பரவைக்கடல், மறைப்பதற்கு ஒரு பனையும் இல்லை. போகும்போது மணிக்கு ஒன்பது கிலோமீற்றருக்குமேல் செல்ல இயலவில்லை. வரும்போது காற்றே எங்களை வீட்டுக்குத் துரத்திற்று.

அவ்வீதியிலேதான் இருவராகச் செல்வதன் உண்மையான சிக்கல் விளங்கியது. எங்களுள் ஒருவர் வலியவர்; மற்றவர் அவ்வளவு வலியரல்லர். வலியவர் முன்னே சென்று மரநிழலிற் காத்திருப்பார். மற்றவர் வந்து சேரும்போது அவர் ஓய்வெடுத்து முடித்திருப்பார்; உடனே புறப்பட எழுவார். ஓய்வு தேவையானவருக்கு ஓய்வில்லை; தேவையற்றவருக்கு ஓய்வு மிகுதி! இம்முறையிற் பதினாறு நாட்கள் சென்றால், வண்டிகள் கதிர்காமத்தை அடையினும் இல்லறம் அடையுமா என்பது ஐயமே.

விரைந்து வரும்படி ஒருவரைத் தூண்டுவதாலோ, மெல்லச் செல்லும்படி மற்றவரை இரப்பதாலோ இது தீராது. தீர்த்தது தராசு. இருவர் பொதிகளும் சேர்ந்து இருபது கிலோகிராம் என வரையறுத்திருந்தோம். சரிபாதியாகப் பகிர்வதே நியாயமென்று தோன்றும். நாங்கள் வலியவர் வண்டியிற் பதினான்கும் மற்றவர் வண்டியில் ஆறும் ஏற்றினோம். வேகம் சமமாயிற்று. அத்துடன், மெல்லச் செல்பவரே எப்பொழுதும் முன்செல்வது என்றும் விதித்தோம். அவர் வேகமே பயணத்தின் வேகம். எதிர்க்காற்று வீசினால் மட்டும் வலியவர் முன்னே வந்து காற்றைக் கிழிப்பார். அவர் முதுகின் மறைவில் மற்றவருக்கு உழைப்புக் குறையும். இச்சிறு மாற்றங்களின் பின்னர் மரநிழலிற் காத்திருத்தல் ஒழிந்தது. இருவரும் ஒரே நிழலில் ஒரே நேரத்தில் இறங்குகின்றோம்.

நோயைப் பற்றிய ஆயத்தம் இவற்றினும் நுட்பமானது. நெடுநேரம் மிதிக்கும்போது தசைகள் குருதியிலுள்ள சீனியை மிகுதியாக எடுத்துக்கொள்ளும். நீரிழிவு மாத்திரைகளுட் சில, அந்நேரத்திற் சீனியை அளவுக்கு மிஞ்சிக் குறைத்துவிடக்கூடியவை. எங்களுடைய மாத்திரை அவ்வகையினது. அதன் அளவையும் வேளையையும் பயண நாட்களில் எவ்வாறு மாற்றுவது என்பதை வைத்தியரே எழுதித் தந்திருக்கின்றார். அதனை எவரும் தாமாகச் செய்தல் ஆகாது. சீனியின் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், 15 கிராம் குளுக்கோசு, அதாவது மூன்று தேக்கரண்டியளவு, உடனே உட்கொண்டு, 15 நிமிடம் அமர்ந்திருந்து, மறுபடியும் சோதிக்க வேண்டும். குளுக்கோசுப் பொதியும் சோதிக்கும் கருவியும் இரு வண்டிகளின் முன்பைகளிலும் தனித்தனியே உள்ளன.

ஆனால், வைத்தியர் சொன்ன ஒரு சொல் எங்களைத் திகைக்கச் செய்தது. சீனி குறையும்போது வியர்க்கும், கை நடுங்கும், பின்னர் அறிவும் மயங்கும். வெயிலில் மிதிப்பவர் எப்படியும் வியர்த்துத்தான் இருப்பார். ஆகையால் அக்குறியை அவர் உணரமாட்டார். அறிவு மயங்கத் தொடங்கினால், தமக்கு ஒன்றுமில்லை என்று அவரே பிடிவாதம் பிடிப்பார். “நோயாளியிலும் பார்க்க மற்றவர்தான் கவனமாக இருக்கவேணும்” என்றார் வைத்தியர். அன்று தொடக்கம் மற்றவர் ஒரு புதிய கல்வி பயில்கின்றார். முன்செல்லும் வண்டி நேர்கோட்டில் ஓடுகின்றதா, கேட்ட கேள்விக்கு ஏற்ற மறுமொழி வருகின்றதா, வழக்கமான பகிடிக்கு வழக்கமான சிரிப்பு எழுகின்றதா என்று பார்த்துக்கொண்டே செல்கின்றார். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தோம். ஒருவர் மூச்சை மற்றவர் இவ்வளவு கருத்தோடு கேட்டது இவ்வாண்டிலேதான்.

இதிலிருந்து பிறந்ததே எங்கள் உடன்படிக்கை. இருவரில் எவராயினும் ‘போதும்’ என்று சொன்னால் அவ்விடத்திலேயே இருவரும் நிற்கவேண்டும். ஏனென்று கேட்கலாகாது, இன்னும் இரண்டு கிலோமீற்றர்தானே என்று சொல்லலாகாது, மாலையில் அதனை நினைவூட்டிக் கேலி செய்தலும் ஆகாது. இது எழுதுவதற்கு எளிது. பெருமை என்பது காலிலும் அதிகமாக நாவிலே குடியிருப்பது. களைப்பை ஒப்புக்கொள்ளும் அச்சொல்லை நாவுக்குப் பழக்குவதற்காகவே, பயிற்சி நாட்களில் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் அதனைச் சொல்லவேண்டுமென்று வைத்தோம், களைப்பில்லாவிட்டாலும் சொல்லவேண்டும். முதலிற் சிரிப்பாயிருந்தது. இப்பொழுது, “தண்ணீர்” என்பதுபோல இயல்பாக வருகின்றது.

திரும்பி வரும் வழியையும் முன்னரே குறித்துக்கொண்டோம். கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, திருகோணமலை, வாழைச்சேனை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் புகையிரத நிலையங்கள் உண்டு. மட்டக்களப்புக்குத் தெற்கே இருப்புப்பாதை இல்லை. ஆதலால் மட்டக்களப்பின் ஓய்வு நாளில், மாமாங்கேஸ்வரர் கோயிலில் வணங்கியபின், மேலே செல்வதா மீள்வதா என்று இருவரும் தனித்தனியே ஒரு தாளில் எழுதுவோம். இரு தாள்களும் ‘செல்வோம்’ என்றால் மட்டுமே வண்டிகள் தெற்கே திரும்பும்.

பொதி கட்டுதல் இறுதி வேலை. ஊர்த் தையற்காரர் கன்வஸ் துணியிற் தைத்துத் தந்த பைகள் நான்கு. ஒவ்வொருவருக்கும் மாற்றுடை இரண்டு, ஒரு போர்வை, இருவருக்குமாக ஒரு நுளம்புவலை, ரோச் விளக்கு, உதிரிகள், பம், மருந்து, ஜீவனிப் பொதிகள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். உணவுக்குப் பருத்தித்துறை வடையும் புழுக்கொடியலும் பனங்கட்டியும். இவை பாரமுமில்லை, எளிதிற் பழுதாவதுமில்லை. சோறும் இடியப்பமும் வழியிலுள்ள கடைகளிற் கிடைக்கும். ஒருவரின் தலையணையும் மற்றவரின் தடித்த புத்தகமும் தராசில் ஏறி, ஒன்றையொன்று குறை கூறிக்கொண்டு இறங்கிவிட்டன.

எங்களைப் போலப் புறப்பட எண்ணும் தம்பதியர் இருப்பின், அல்லது விடுமுறையில் நண்பரோடு செல்ல விரும்பும் மாணவர் இருப்பின், அவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுவே: வண்டியைத் தெரிவதற்கு ஒரு வாரம் போதும், உடன்வருபவரின் வேகத்தை அறிவதற்குப் பல மாதங்கள் வேண்டும். இரண்டாவதை முதலிலே தொடங்குங்கள்.

நாள் குறித்தாகிவிட்டது. கதிர்காமத்தை அடைந்தே தீருவோமென்று எவருக்கும் நாங்கள் வாக்களிக்கவில்லை. ஆனையிறவில் நின்றாலும் வெருகலாற்றில் நின்றாலும் மாணிக்க கங்கையில் இறங்கி நீராடினாலும், இருவரும் ஒன்றாகவே நிற்போம் என்பது மட்டும் உறுதி.